மிகச் சிறிய பண அலகுகளைக் கையாள்வது எப்படி? ரவுண்ட் செய்வதிலிருந்து சில்லறை எண்ணுவது வரை முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் யென்னின் நூறில் ஒரு பங்கான 'சென்' என்ற காசு 1953-ஆம் ஆண்டோடு புழக்கத்தைவிட்டுப் போய்விட்டது, ஆனால் இன்றைக்கும் யென் மாற்று விகிதத்தைச் சொல்கிறவர்கள் சென் வரைக்கும் சொல்கிறார்கள். கனடாவில் 2013 பிப்ரவரி 4-க்குப் பிறகு ஒரு சென்ட் நாணயம் விநியோகிக்கப்படுவதில்லை, கார்டில் கட்டினால் மட்டும் பில் தொகை கடைசி சென்ட் வரை பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்தவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்திவிட்டது.

காசு கையைவிட்டுப் போகிறது, கணக்கைவிட்டுப் போவதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் வருகிறது: பில் கூட்டினால் ஒரு பைசா இடிக்கிறது, மூன்று பேர் பங்கு போட்டால் ஒரு சென்ட் மிஞ்சுகிறது, வங்கி வட்டியும் நீங்கள் போட்ட கணக்கும் ஒத்துப்போவதில்லை. தொகை சின்னது என்று விட்டுவிடலாம்தான், ஆனால் அதே சின்ன வித்தியாசம் கணக்குப் புத்தகத்தின் ஆயிரம் வரிகளில், ஒவ்வொரு நாளும், ஒரே பக்கமாகச் சாயும்போது யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணம் நகர்கிறது. அதைத் தடுக்கிற வழி கஷ்டமானதே இல்லை, வரிசையாகப் பார்த்தால் போதும். கடைக் கணக்கு எழுதுகிறவர், நண்பர்களோடு செலவைப் பிரிக்கிறவர், மென்பொருள் எழுதுகிறவர், வீட்டில் ஒரு டப்பா நிறையச் சில்லறை வைத்திருக்கிறவர் என்று யாருக்கும் இதில் வேலை இருக்கும்.

படி 1: உங்கள் பணத்தின் மூன்று கடைசி அலகுகளைக் கண்டுபிடியுங்கள்

எந்த நாணயமாக இருந்தாலும் அதற்கு மூன்று 'அடிமட்டம்' இருக்கிறது. முதலாவது, கையில் கொடுக்க முடிகிற மிகச் சிறிய நாணயம். இரண்டாவது, வங்கிக் கணக்கில் இருக்க முடிகிற மிகச் சிறிய தொகை. மூன்றாவது, விகிதங்களையும் கட்டணங்களையும் சொல்லப் பயன்படுகிற, அதைவிடச் சிறிய கணக்கு அலகு. இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை, பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். நியூசிலாந்தில் 2006-இல் 5 சென்ட் நாணயத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆகவே கையில் கடைசி அலகு 10 சென்ட். கணக்கில் ஒரு சென்ட். சுவிட்சர்லாந்தில் கையில் 5 ராப்பன், கணக்கில் ஒரு ராப்பன். இந்தியாவில் சட்டப்படி செல்லுகிற மிகச் சிறிய நாணயம் 50 பைசா, கணக்கில் ஒரு பைசா. அமெரிக்காவில் 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டமே டாலரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 'மில்' என்று பெயர் வைத்தது. அந்த அளவில் மைய அரசு நாணயம் அடித்ததே இல்லை, ஆனால் சொத்து வரி விகிதம் அங்கே இன்றும் மில் கணக்கில்தான் பல இடங்களில் சொல்லப்படுகிறது. மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் வரி என்றால் அது ஒரு மில்.

எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாணயக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4217, ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசம இடம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. யென், கொரிய வொன் இரண்டுக்கும் பூஜ்ஜியம். ரூபாய், டாலர், யூரோவுக்கு இரண்டு. குவைத், பஹ்ரைன், ஜோர்டான் தினார்களுக்கும் ஓமான் ரியாலுக்கும் மூன்று, அதாவது ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ், ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. மொரிட்டானியாவின் உகியாவும் மடகாஸ்கரின் அரியாரியும் பத்தின் கணக்கிலேயே வராது. இரண்டிலும் பெரிய அலகுக்கு ஐந்து சின்ன அலகு.

ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: கை, கணக்கு, விகிதம். இதற்குப் பிறகு வருகிற எல்லாமே, ஓர் எண்ணை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு எப்போது இறக்குவது என்பதைப் பற்றித்தான்.

படி 2: ரொக்கத்துக்கான ரவுண்ட்

சின்ன நாணயம் இல்லாத இடத்தில் ரொக்கமாக வாங்குவதும் கொடுப்பதும் எப்படி? ஸ்வீடன் 1972-இல் 1, 2 ஊரே நாணயங்களை எடுத்தபோது கொண்டுவந்த வழியைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டது, அதனால் இதற்கு ஸ்வீடன் முறை என்றே பெயர். 5-ஐ அடிமட்டமாக வைத்தால் விதி இதுதான்: கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே 0; 3, 4 என்றால் மேலே 5; 6, 7 என்றால் கீழே 5; 8, 9 என்றால் மேலே அடுத்த 10. கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், ஃபின்லாந்து எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன. ஃபின்லாந்து யூரோ வந்த 2002-லிருந்தே அப்படித்தான், அங்கே 1, 2 சென்ட்டைக் கடைகளில் பார்ப்பது அரிது.

நான்கு விஷயங்களைச் சரியாகச் செய்ய வேண்டும்.

மொத்தத்தை மட்டும் ரவுண்ட் செய்யுங்கள், பொருள் பொருளாகச் செய்யாதீர்கள். விலைகள் 99-இல் முடிகிற கடையில் பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் ஒவ்வொன்றும் மேலேதான் போகும்; மொத்தத்தில் ஒரு தடவை செய்தால் கடைசி இலக்கம் எதுவாகவும் வரும், போகப் போக மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகிவிடும். இந்த ஒரு விதியை மீறினால் முறை முழுக்கவே வாங்குகிறவருக்கு எதிராகத் திரும்பிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

வரியையும் சேர்த்த பிறகு ரவுண்ட் செய்யுங்கள். கனடாவில் அப்படித்தான் வழிகாட்டியிருக்கிறார்கள்: முதலில் பொருள், அப்புறம் வரி, கடைசியாகத்தான் ரொக்க ரவுண்ட். வரித் தொகை மாறாமல் இருக்க இது முக்கியம்.

ரொக்கத்துக்கு மட்டும் என்பது மூன்றாவது. கார்டு, செல்பேசிப் பரிமாற்றம், காசோலை என்று எதில் கட்டினாலும் முழுத் தொகை அப்படியே போக வேண்டும்.

நான்காவது, நடு இலக்கத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். நியூசிலாந்தில் அடிமட்டம் 10 என்பதால் 5-இல் முடிகிற தொகை சரியாக நடுவில் நிற்கிறது. மேலே போவதா கீழே போவதா என்பதைக் கடைக்காரரே முடிவு செய்யலாம், பெரும்பாலோர் கீழே இறக்குகிறார்கள். நீங்கள் கடை வைத்திருந்தால் நானும் அதையே சொல்வேன். வாடிக்கையாளரோடு வாக்குவாதமாகக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

படி 3: எந்த வகை ரவுண்ட் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, பாதியும் அதற்கு மேலும் இருந்தால் மேலே. இது எளிது, எல்லோருக்கும் புரியும், பெரும்பாலான சட்டங்களும் இதைத்தான் கேட்கின்றன. குறை என்னவென்றால், சரியாகப் பாதியில் நிற்கிற எண்கள் எல்லாம் எப்போதும் மேலேயே போகும். நிறையத் தொகைகளைக் கூட்டும்போது அது ஒரு சாய்வாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் 'பாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்கு' என்ற முறை: 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. இதை வங்கியாளர் ரவுண்ட் என்பார்கள். நிரல் மொழிகளான பைத்தானின் ரவுண்ட் கட்டளையும் சி ஷார்ப்பின் ரவுண்ட் கட்டளையும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் இதைத்தான் செய்கின்றன. விரிதாள் மென்பொருள்களின் ரவுண்ட் பள்ளி முறையைச் செய்கிறது. ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுவிட்டு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, வால் பகுதியை அப்படியே வெட்டிவிடுவது. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் எப்போதும் ஒரே பக்கம் சாயும். வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணுக்கு நடந்ததைப் பாருங்கள். 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் எண்ணைத் திருத்தி, மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெட்டுப்பட்டது ஆயிரத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவு. 1983 நவம்பரில் குறியீடு சுமார் 524-இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் 1,098.892 வர வேண்டியது. சந்தை ஏறியிருக்கிறது, எண் பாதியாகக் குறைந்திருக்கிறது! வெட்டினவர்கள் யாரும் திருடவில்லை, மிகச் சிறிய அலகைத் தூக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

படி 4: நடுவில் ரவுண்ட் செய்யாதீர்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

10,000 தொகைக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதத் தனிவட்டி, ஒவ்வொரு நாளும் கணக்கிடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 350.00 வர வேண்டும். ஒரு நாளைக்கு 0.958904 என்று நீளுகிற எண் வரும். தினமும் அதை 0.96 ஆக்கிக் கூட்டினால் 365 நாளில் 350.40. தினமும் 0.95 என்று வெட்டிக் கூட்டினால் 346.75. அசல் வட்டியை யாரும் தொடவில்லை, விகிதமும் மாறவில்லை, ஆனால் மூன்று விதமான பதில். சரியான வழி, நாள் வட்டியை ஐந்தாறு தசம இடத்தோடு அப்படியே சேர்த்து வைத்து, கணக்கில் வரவு வைக்கிற நாளில் ஒரு தடவை மட்டும் இரண்டு இடத்துக்குக் கொண்டுவருவது. வட்டிக் கணக்கைச் சரிபார்க்கும்போது ஆண்டுக்கு 365 நாளா, 360 நாளா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் ரவுண்டைவிடப் பெரியது.

பில்லிலும் இதே கதை. 1.15 விலையில் மூன்று பொருள், 5 சதவீத வரி. வரி ஒவ்வொன்றுக்கும் 0.0575, பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் 0.06 வீதம் 0.18. மொத்தம் 3.45-க்குச் சேர்த்துப் போட்டால் 0.1725, அதாவது 0.17. ஒரு சென்ட் வித்தியாசம். எது சரி என்பது அந்தந்த வரிச் சட்டத்தைப் பொறுத்தது; சில இடங்களில் பொருளுக்குப் பொருள் போடவும் அனுமதி உண்டு. எதை எடுத்தாலும் பில் போடுகிற இயந்திரமும், கணக்கு எழுதுகிற மென்பொருளும், வரி அறிக்கையும் ஒரே வழியில் போக வேண்டும். அது மூன்றும் வேறு வேறாக இருப்பதுதான் மாதக் கடைசியில் தலைவலியைக் கொடுக்கிறது.

யூரோவுக்கு மாறியபோது இந்த விஷயத்தை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. 1997-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறைப்படி, ஒவ்வொரு பழைய நாணயத்துக்கும் ஆறு முக்கிய இலக்கம் கொண்ட விகிதம் இருக்க வேண்டும்: ஒரு யூரோ 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 இத்தாலிய லீரா. அந்த விகிதத்தைச் சுருக்கக் கூடாது. தலைகீழாக்கிய விகிதத்தைப் பயன்படுத்தவும் கூடாது, பழைய நாணயத்திலிருந்து யூரோவுக்குப் போக எப்போதும் வகுக்கத்தான் வேண்டும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். 1,00,000 மார்க்கை 1.95583-ஆல் வகுத்தால் 51,129.19 யூரோ. 'ஒரு மார்க் 0.5113 யூரோ' என்று சுருக்கிப் பெருக்கினால் 51,130.00. எண்பத்தொரு சென்ட் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஒரு பழைய நாணயத்திலிருந்து இன்னொரு பழைய நாணயத்துக்குப் போவதென்றால் நடுவில் வரும் யூரோத் தொகையைக் குறைந்தது மூன்று தசம இடத்தோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது உங்களுக்கும் பொருந்தும்: வெளிநாட்டுப் பணத்தை மாற்றிக் கணக்குப் போடும்போது விகிதத்தைச் சுருக்காதீர்கள், இடைத் தொகைக்கு ஓர் இடமாவது கூடுதலாக விடுங்கள்.

படி 5: பங்கு பிரிக்கும்போது மிஞ்சுகிற கடைசிக் காசு

10.00-ஐ ஆறு பேருக்குப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 1.6666. எல்லோருக்கும் 1.67 என்றால் கூட்டினால் 10.02, இல்லாத பணத்தைக் கொடுத்துவிட்டோம். எல்லோருக்கும் 1.66 என்றால் 9.96, நான்கு காசு யாரிடமும் இல்லாமல் நிற்கிறது.

வழி இப்படி: முதலில் எல்லோருடைய பங்கையும் கீழே வெட்டுங்கள் (வெட்டுவது சரியாக இருக்கிற ஒரே இடம் இது, ஏனென்றால் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொள்கிறோம்). மொத்தத்திலிருந்து கழித்து எத்தனை காசு மிஞ்சுகிறது என்று பாருங்கள். வெட்டுப்பட்ட வால் யாருக்குப் பெரியதோ அவருக்கு முதலில் ஒரு காசு, அடுத்தவருக்கு ஒரு காசு என்று தீரும் வரை கொடுங்கள். இந்த எடுத்துக்காட்டில் நான்கு பேருக்கு 1.67, இரண்டு பேருக்கு 1.66, மொத்தம் சரியாக 10.00. தேர்தல்களில் வாக்கு விகிதப்படி இடங்களைப் பிரிக்கவும் இதே பெருமீதி முறையைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன.

பங்குகள் சமமில்லாவிட்டாலும் இதுவேதான். 10.00-ஐ 1:2:4 விகிதத்தில் பிரித்தால் வெட்டிய பிறகு 1.42, 2.85, 5.71, கூட்டினால் 9.98, மிச்சம் இரண்டு காசு. வால்கள் பெரியதாக இருப்பது முதல் இருவருக்கு. ஆகவே 1.43, 2.86, 5.71.

எல்லோருக்கும் வால் சமமாக இருந்தால் மிச்சம் யாருக்கு? மாதாமாதம் பிரிக்கிற செலவு என்றால் சுற்றுமுறை வையுங்கள், இந்த மாதம் கூடுதல் காசு கொடுத்தவர் அடுத்த மாதம் கொடுக்க வேண்டாம். பெயர் வரிசையில் முதலில் வருகிறவர் தலையிலேயே எப்போதும் கட்டுவது நியாயமில்லை, செலவு பிரிக்கிற சில செயலிகள் அதைத்தான் செய்கின்றன.

படி 6: கணினியில் எழுதும்போது முழு எண்ணாக வையுங்கள்

கணினி 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, 0, 1 மட்டும் கொண்ட இரண்டடிமானத்தில் அது முடிவில்லாமல் நீளுகிற எண். அதனால்தான் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று வருகிறது. பைத்தானில் 2.675-ஐ இரண்டு இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 வரும், 2.68 வராது, ஏனென்றால் உள்ளே இருப்பது 2.675-ஐவிட ஒரு துளி குறைந்த எண்.

ஆகவே பணத்தைத் தசம எண்ணாக வைக்காதீர்கள், அந்த நாணயத்தின் மிகச் சிறிய கணக்கு அலகில் முழு எண்ணாக வையுங்கள்: 12.50 என்பது 1250. கட்டணங்களைக் கையாளும் சேவைகள் பல இப்படித்தான் தொகையைக் கேட்கின்றன. கேட்கிற இடத்தில் படி 1-ஐ மறந்துவிடாதீர்கள். யென்னையும் 100-ஆல் பெருக்கி அனுப்பினால் வாடிக்கையாளரிடம் நூறு மடங்கு பிடிப்பீர்கள், குவைத் தினாரை 100-ஆல் பெருக்கினால் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பீர்கள். இரண்டு தசம இடம் போதாத விகிதங்களுக்கு இன்னும் கீழே இறங்குங்கள். கூகுள் விளம்பரச் சேவையின் நிரலாக்க இடைமுகம் தொகைகளை 'மைக்ரோ' கணக்கில், அதாவது நாணயத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்காக வைத்துக்கொள்கிறது. நல்ல வழி.

விரிதாளில் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று: கட்டத்தில் இரண்டு தசம இடம் தெரிகிறது என்பதால் உள்ளேயும் இரண்டு இடம்தான் என்று நம்பாதீர்கள். அது காட்சி மட்டும். கண்ணுக்குத் தெரிகிற எண்களைக் கையால் கூட்டினால் வருவதும், கீழே கூட்டுத்தொகை காட்டுவதும் ஒரு பைசா வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம். அச்சடித்து ஒருவருக்குக் கொடுக்கப் போகிற தாள் என்றால், தனித்தனிக் கட்டங்களில் ரவுண்ட் கட்டளையைப் போட்டுவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

படி 7: அன்றாடக் கட்டணங்களில் ஒளிந்திருக்கும் மூன்றாவது, நான்காவது இலக்கம்

எரிபொருள், மின்சாரம், தண்ணீர், செல்பேசி அழைப்பு, மொத்தமாக அனுப்புகிற குறுஞ்செய்தி, கணினிச் சேவைகள் என எல்லாவற்றிலும் ஓர் அலகின் விலை கணக்கு அலகைவிடச் சிறிய துண்டுகளில் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் பெட்ரோல் விலைப் பலகையில் கடைசியில் பத்தில் ஒன்பது சென்ட் நிற்கும், ஐரோப்பாவில் லிட்டர் விலை மூன்று தசம இடத்தில் இருக்கும். அந்த வாலைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள், உங்கள் பயன்பாட்டால் பெருக்குங்கள். அலகுக்கு 0.003 வித்தியாசம், மாதம் 400 அலகு, 12 மாதம்: 14.40. இதற்காக நிறுவனத்தை மாற்றலாமா வேண்டாமா என்பதை அப்போதுதான் நிதானமாக யோசிக்க முடியும்.

காசை ரவுண்ட் செய்வதைவிட அளவை ரவுண்ட் செய்வதில்தான் அதிகப் பணம் போகிறது. நிமிடக் கணக்கில் பிடிக்கிற அழைப்பில் 61 நொடி பேசினால் இரண்டு நிமிடம். தரவு, சேமிப்பிடம், வாகன நிறுத்தம் எல்லாவற்றிலும் இப்படி உண்டு. கட்டண அட்டையைப் பார்க்கும்போது விலைக்குப் பக்கத்தில் 'எத்தனைக்கு ஒரு முறை கணக்கிடப்படும்' என்பதைத் தேடுங்கள். விலையைவிட அது முக்கியமாக இருக்கிற இடங்கள் நிறைய.

அந்நியச் செலாவணியில் விகிதம் ஏறி இறங்குவதை அளக்கிற சிறிய அலகான 'பிப்' என்பது பெரும்பாலான நாணய இணைகளில் நான்காவது தசம இடம், யென் இணைகளில் இரண்டாவது. அமெரிக்கப் பங்குகள் 2001 வரை பதினாறில் ஒரு பங்கு டாலர் கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, அதற்குப் பிறகுதான் சென்ட்டுக்கு வந்தன; ஒரு டாலருக்குக் கீழே உள்ள பங்குகளுக்கு மட்டும் 0.0001 வரை விலை கேட்கலாம்.

படி 8: டிஜிட்டல் நாணயங்களின் துகள்கள்

ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி. மின்னல் வலைப்பின்னல் என்ற மேலடுக்கில் சடோஷியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வைக்கிறார்கள், ஆனால் கீழே முக்கியச் சங்கிலியில் (பிளாக்செயினில்) தீர்க்கும்போது முழு சடோஷிதான். படி 1-இல் சொன்ன மட்டங்கள் இங்கேயும் அப்படியே இருக்கின்றன. ஈதர் என்ற இன்னொரு டிஜிட்டல் நாணயத்துக்கு அலகு இன்னும் சின்னது: ஒன்றுக்குப் பின் 18 பூஜ்ஜியம் போட்டால் எத்தனையோ அத்தனை வெய் ஒரு ஈதர். மென்பொருள் எழுதுகிறவர்கள் இதில் கவனம். குறியுள்ள 64 பிட் முழு எண்ணில் சுமார் 9.22 ஈதருக்கு மேல் வெய் கணக்கில் அடங்காது.

பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது: அலகு இருக்கிறது என்பதற்காக அதை அனுப்ப முடியும் என்று அர்த்தமில்லை. பிட்காயினில் 'தூசி' எல்லை என்று ஒன்று உண்டு. பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்குக் கீழே, புதிய செக்விட் வகைக்கு 294-க்குக் கீழே அனுப்பினால் வலைப்பின்னலின் கணினிகள் வழக்கமாக அதைக் கடத்தாது, ஏனென்றால் அதைத் திரும்பச் செலவழிக்கிற கட்டணம் அதன் மதிப்பைத் தாண்டிவிடும். தெரியாத இடத்திலிருந்து இப்படித் துளித் தொகை வந்தால் அதை மற்றப் பணத்தோடு சேர்த்துச் செலவழிக்காதீர்கள்; உங்கள் முகவரிகளில் எவையெல்லாம் ஒருவருடையவை என்று கண்டுபிடிக்க அனுப்புகிறவர்கள் உண்டு.

படி 9: வங்கிக் கணக்கில் தெரியும் துளித் தொகைகள்

புதிய கணக்கை இணைக்கும்போது மிகச் சிறிய தொகையைப் போட்டுப் பார்த்துச் சரிபார்ப்பது நல்ல வழக்கம், பெரிய தொகையை முதன்முதலாக ஒருவருக்கு அனுப்பும் முன் நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு துளி அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு, மீதியை அனுப்புங்கள். நீங்கள் கேட்காமலேயே கார்டில் ஒரு சின்னப் பற்று விழுந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று மோசடிக்காரர்கள் முதலில் இப்படித்தான் பார்ப்பார்கள். அன்றே வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

படி 10: டப்பாவில் சேர்ந்த சில்லறை

ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், எடை போடுங்கள். ஒரு யென் அலுமினிய நாணயம் சரியாக ஒரு கிராம், இதைவிட வசதி வேறில்லை. யூரோ ஒரு சென்ட் 2.30 கிராம். அமெரிக்க ஒரு சென்ட் 2.5 கிராம், ஆனால் 1982-க்கு முந்தியவை 3.11 கிராம், அந்த ஆண்டில்தான் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறினார்கள். ஆகவே முதலில் ஆண்டு பார்த்துப் பிரித்துவிட்டு எடை போடுங்கள். பிரித்தானிய ஒரு பென்னி 1992-இல் செம்பு பூசிய எஃகுக்கு மாறியது, காந்தம் வைத்தால் புதியவை ஒட்டும், பழையவை ஒட்டாது. எந்த நாணயமானாலும் நூறை எண்ணி எடை போட்டு ஒன்றின் சராசரியைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு மொத்த எடையை அதனால் வகுங்கள்.

எங்கே கொடுப்பது? கடையில் மூட்டையாகக் கொட்டினால் வாங்கிக்கொள்ளச் சட்டப்படி யாருக்கும் கட்டாயமில்லை. யூரோ நாடுகளில் ஒரு தடவைக்கு 50 நாணயத்துக்கு மேல் ஏற்க வேண்டியதில்லை. ஜப்பானில் ஒரு வகைக்கு 20. பிரிட்டனில் 1, 2 பென்ஸ் நாணயங்கள் 20 பென்ஸ் வரைதான் கட்டாயம். இந்தியாவில் 50 பைசா பத்து ரூபாய் வரை. பெரிய அளவு என்றால் வங்கியிடம் முன்பே கேட்டுவிட்டுப் போவதுதான் வழி. உருக்கி விற்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சென்ட்டையும் 'நிக்கல்' எனப்படும் 5 சென்ட் நாணயத்தையும் உருக்கத் தடை இருக்கிறது, இந்தியாவின் 2011 நாணயச் சட்டமும் தடுக்கிறது.

பழைய நாணயம் என்றால் மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: அடிப்பதை நிறுத்திய தேதி, சட்டப்படி செல்லாமல் போன தேதி, வங்கியில் மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி. கனடாவின் சென்ட் அடிப்பதில்லை, ஆனால் இன்னும் செல்லும். ஸ்வீடனின் 50 ஊரே 2010 செப்டம்பர் 30-க்குப் பிறகு செல்லாது. பிரிட்டனின் அரைப் பென்னி 1984 டிசம்பரோடு சரி.

படி 11: ரவுண்ட் வித்தியாசத்துக்கு ஒரு தனிக் கணக்கு

கடையோ சங்கமோ நடத்துகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் இருக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தில் 'ரவுண்ட் வித்தியாசம்' என்று ஒரு தலைப்பைத் திறந்து, ரொக்கத்தில் மேலே கீழே போன ஒவ்வொரு காசையும் அதில் எழுதுங்கள். விற்பனைத் தொகையைத் திருத்தி ஒப்புக்கு நேராக்காதீர்கள், அப்படிச் செய்தால் வரிக் கணக்கும் சேர்ந்து கெடும். மாதக் கடைசியில் இந்தத் தலைப்பின் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தை ஒட்டி, சில மாதம் கூடியும் சில மாதம் குறைந்தும் நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாதாமாதம் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால், யாரோ பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்கிறார்கள், அல்லது ஏதோ ஓர் இயந்திரம் வாலை வெட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளின் பில்களை மட்டும் எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள், பில்லின் எந்த இடத்தில் என்று அதிலேயே தெரிந்துவிடும்.